கிழக்கு மாகாண சபைத் தேர்தல்: எந்தச் சட்டத்தின் கீழ் நடத்தினால் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் நல்லது?

கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதி முடிந்தது. அன்றிலிருந்து 37 ஆசனங்களும் காலி. அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, முதலாவதாக வரும் கட்சிக்குப் போனஸ் 2. ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடக்கிறது. ஆசிரியர் இடமாற்றமும் வைத்தியசாலைக் கட்டடமும் வீதித் திருத்தமும் நின்றுபோகவில்லை. ஆனால் மாகாணத்துக்கான சட்டமான நியதிச்சட்டம் இயற்ற யாரும் இல்லை. படுவான்கரைப் பாடசாலைக்கு ஏன் கணித ஆசிரியர் இல்லை என்று எழும்பிக் கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. கேள்வி கேட்கும் இடமே இல்லாமல் போனதுதான் பெரிய இழப்பு.

'தேர்தல் எப்போது?' என்பதே எல்லோருடைய கேள்வியும். அதற்கு முன் தீர்க்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் என்பது. அதைத் தீர்க்காமல் திகதி குறிக்கவே முடியாது. கையில் இருப்பவை மூன்று வழிகள். ஒன்று, 1988 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க மாகாண சபைத் தேர்தல்கள் சட்டத்தில் இருந்த, வாக்குப் பங்குக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசார முறைக்கே திரும்புவது. இரண்டு, 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சொல்லும் கலப்பு முறைக்காக எல்லை நிர்ணயத்தை முடிப்பது. மூன்று, இந்த ஒரு தடவை மட்டும் பழைய முறையில் நடத்திவிட்டு, புதிய முறையை அவசரமில்லாமல் சரிசெய்வது. எங்கள் முடிவு மூன்றாவது வழிதான், ஆனால் நிபந்தனைகளோடு.

தேர்தல் எங்கே இறுகியது?

2017 செப்டெம்பர் 20 ஆம் திகதி பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், பாதி உறுப்பினர்கள் தொகுதியிலிருந்தும் பாதிப் பேர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வரவேண்டும் என்றது. தொகுதி வேண்டுமென்றால் எல்லை கீற வேண்டும். முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் ஐவர் குழு அமைந்தது. அது 2018 பெப்ரவரியில் அறிக்கையைக் கையளித்தது. அந்த அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 ஆம் திகதி பாராளுமன்றத்தில் தோற்றது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அடுத்த கட்டமாக, பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கை வரவில்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று 2019 இல் ஜனாதிபதி உச்ச நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, அதற்கும் கதவு திறக்கவில்லை. பழைய விதி நீக்கப்பட்டுவிட்டது, புதிய விதிக்கு எல்லை இல்லை.

இதை 2023 இல் தள்ளிப்போன உள்ளூராட்சித் தேர்தலோடு குழப்பக் கூடாது. அங்கே சட்டம் இருந்தது, வேட்புமனுவும் ஏற்கப்பட்டிருந்தது, காசு விடப்படவில்லை. அதனால்தான் 2024 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று சொல்ல முடிந்தது, 2025 மே 6 இல் வாக்கெடுப்பும் நடந்தது. மாகாண சபைக்கு நடத்தக்கூடிய சட்டமே முழுமையாக இல்லை. வழக்குப் போட்டு இந்தப் பூட்டைத் திறப்பது கடினம். பாராளுமன்றம்தான் திறக்க வேண்டும்.

பழைய முறை: அம்பாறையின் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம்

2012 செப்டெம்பர் 8 ஆம் திகதி கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தலில் அம்பாறை மாவட்டத்தில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 92,530 வாக்குகளைப் பெற்றது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 83,658, ஐக்கிய தேசியக் கட்சி 48,028, இலங்கைத் தமிழரசுக் கட்சி 44,749. பதினான்கு ஆசனங்களால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 19 ஆயிரத்துச் சொச்சம். முதல் சுற்றில் முழு எண்களுக்கு 4, 4, 2, 2 என்று 12 ஆசனங்கள் போகின்றன. மிச்சம் இரண்டு. எந்தக் கட்சியின் கையில் மீதி வாக்கு அதிகமோ அதற்கே அவை. ஒன்று ஐ.ம.சு.கூட்டமைப்புக்கு, மற்றது ஐ.தே.கட்சிக்கு. முடிவு 5, 4, 3, 2. வாக்கு எண்ணும் நிலையத்துக்கு வெளியே நிற்கிற எவரும் ஒரு கல்குலேட்டரோடு சரிபார்க்கக்கூடிய கணக்கு இது.

அம்பாறைத் தமிழருக்கு இந்த முறையின் பெறுமதி இந்தக் கணக்கில்தான் தெரியும். மாவட்டச் சனத்தொகையில் அவர்கள் ஆறில் ஒரு பங்கு அளவில்தான். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. வடக்கே பெரியநீலாவணை, பாண்டிருப்பு, கல்முனை, பிறகு காரைதீவு, உள்ளே நாவிதன்வெளி, தெற்கே ஆலையடிவேம்பு, திருக்கோவில், கோமாரி வரை சிதறிக்கிடக்கிறார்கள். இடையில் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. மாவட்டம் முழுவதையும் ஒரே பெட்டியாக எடுத்து எண்ணினால் அந்தச் சிதறல் பிரச்சினையே இல்லை. கோமாரி வாக்கும் பெரியநீலாவணை வாக்கும் ஒரே கூட்டலுக்குள் வருகின்றன. 16 வீத வாக்குக்கு 14 இல் 2 ஆசனம் கிடைத்தது நியாயமான பங்குதான்.

மட்டக்களப்பில் இதே பாதுகாப்பு முஸ்லிம் மக்களுக்கு. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று அவர்கள் வாழும் இடங்களும் ஒன்றோடொன்று தொடுத்தவை இல்லை. 2012 இல் அங்கே தமிழரசுக் கட்சி 104,682 வாக்குகளோடு 6, ஐ.ம.சு.கூட்டமைப்பு 64,190 வாக்குகளோடு 4, முஸ்லிம் காங்கிரஸ் 23,083 வாக்குகளோடு 1. பதினொரு பேரும் வாக்குப் பங்குக்கு ஏறத்தாழப் பொருந்தியே வந்தார்கள்.

பழுதும் உண்டு. முதற்பழுது விருப்பு வாக்கு, அதாவது கட்சிப் பட்டியலில் பிடித்த வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடும் வாக்கு. ஒரு கட்சி ஆசன எண்ணிக்கையோடு மூன்று பேரைக் கூட்டி நிறுத்தலாம். அதாவது அம்பாறையில் 17 பேர், மட்டக்களப்பில் 14 பேர். எதிர்க்கட்சியோடு மோதுவதைவிடச் சொந்தக் கட்சிக்காரனோடுதான் மோதல். பொத்துவிலிலிருந்து தெஹியத்தகண்டிய வரை ஒருவர் தன் இலக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காசுள்ளவனுக்கு அது முடியும், ஆலையடிவேம்பில் ட்யூஷன் சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு முடியாது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் இப்போது உச்சவரம்பு வைக்கிறது, முடிவு வந்து 21 நாட்களுக்குள் கணக்குக் காட்டவும் சொல்கிறது. ஓரளவு கட்டுப்படும்.

இரண்டாவது பழுது போனஸ். இதைப் பற்றி இங்கே போதிய அளவு பேசப்படவில்லை. 2012 இல் மாகாணம் முழுவதும் ஐ.ம.சு.கூட்டமைப்பு 200,044 வாக்குகளும் தமிழரசுக் கட்சி 193,827 வாக்குகளும் எடுத்தன. வித்தியாசம் 6,217. மாவட்டங்களிலிருந்து வந்த ஆசனம் 12 க்கு 11. அதன்மேல் போனஸ் இரண்டும் சேர்ந்து 14 க்கு 11 ஆனது. தமிழரசுக் கட்சியின் 11, முஸ்லிம் காங்கிரஸின் 7, கூட்டினால் 18. போனஸ் இல்லாத 35 பேர் சபையில் 18 என்றால் அறுதிப் பெரும்பான்மை. 37 பேர் சபையில் 19 வேண்டும், ஒன்று குறைகிறது. ஆறாயிரம் வாக்கு வித்தியாசம், யார் யாரோடு சேர்ந்தால் ஆட்சி என்ற கேள்வியையே மாற்றிவிட்டது. மூன்று சமூகங்களும் பெரிய அளவில் வாழும் மாகாணத்தில் இந்தப் போனஸுக்கு நியாயம் சொல்வது கடினம்.

கலப்பு முறை: தொகுதிக்கு ஓர் ஆள், ஆனால் எந்தத் தொகுதி?

கலப்பு முறைக்குப் பின்னால் இருக்கும் ஆசை நியாயமானது. வாழைச்சேனைக்காரருக்குத் தன் உறுப்பினர் யாரென்று பெயரோடு தெரிய வேண்டும், வீட்டுக்குப் போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் அவர் இருக்க வேண்டும். விருப்பு வாக்குச் சண்டையும் ஒழியும்.

சிக்கல் எல்லையில். 2024 இடாப்பின்படி அம்பாறையில் 555,432 வாக்காளர்கள். பதினான்கில் பாதி ஏழு தொகுதி என்றால், தொகுதிக்குச் சுமார் 79 ஆயிரம் பேர். மட்டக்களப்பில் 449,686 பேரை ஐந்தாகவோ ஆறாகவோ பிரித்தால் தொகுதிக்கு 75 முதல் 90 ஆயிரம் வரை. இப்போது வரைபடத்தை விரித்துவைத்து அம்பாறைத் தமிழருக்கு ஒரு தொகுதி கீறிப் பாருங்கள். ஆலையடிவேம்பையும் திருக்கோவிலையும் முழுதாகச் சேர்த்தாலும் 79 ஆயிரத்துக்குக் கிட்ட வராது. நிரப்ப வேண்டுமென்றால் பொத்துவிலையோ அக்கரைப்பற்றையோ இழுக்க வேண்டும். இழுத்தவுடன் அங்கே பெரும்பான்மை மாறும். வடக்கே கல்முனைத் தமிழ்ப் பகுதியையும் காரைதீவையும் நாவிதன்வெளியையும் ஒட்டப் பார்த்தால், நடுவே இருக்கும் ஊர்களைத் தாண்டித் தாண்டித்தான் கோடு போகும். காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் மட்டக்களப்பில் இதே கதி. எல்லையை எப்படிக் கீறினாலும் ஒரு சமூகம் தோற்றதாக உணரும். 2018 இல் எல்லை நிர்ணய அறிக்கைக்கு ஒரு வாக்கும் விழாமல் போனதற்குக் காரணம் குழுவின் கவனக்குறைவு இல்லை, இந்த நிலத்தின் குடியிருப்பு அமைப்பு அப்படி.

எல்லைத் தகராறு தேர்தலை எப்படி நிறுத்தும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. 2025 மே மாதம் நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்கினால் கல்முனை மாநகர சபைக்கு மட்டும் வாக்கெடுப்பு இல்லை. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை தரும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வந்து சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தின் பிணக்கும் பல வருடமாக இழுபடுகிறது. ஒரு மாநகர சபையின் எல்லையையே தீர்க்க முடியாதிருக்கையில், அதே மாவட்டத்தில் ஏழு தொகுதிக் கோடுகளைச் சில மாதத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி கீறலாம் என்று நம்புவது கஷ்டம்.

இன்னொரு விஷயத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்: பட்டியல் பாதியை எப்படி எண்ணுகிறார்கள்? இரண்டு விதமாக எண்ணலாம். கட்சியின் மொத்தப் பங்கை 14 இல் கணக்கிட்டு, தொகுதியில் வென்றதைக் கழித்து மிச்சத்தைப் பட்டியலால் நிரப்புவது ஒரு விதம். 2012 வாக்குகளை இதில் போட்டால் தமிழரசுக் கட்சிக்கு ஒரு தொகுதியும் கிடைக்காவிட்டாலும் பட்டியலால் 2 வரும். தொகுதி ஏழைத் தனியாக விட்டு, பட்டியல் ஏழை மட்டும் வாக்கு வீதப்படி பிரிப்பது மற்ற விதம். அப்போது அதே 44,749 வாக்குக்கு 1 ஆசனம்தான். சட்டமூலத்தில் ஒரு வரியின் வேறுபாடு, ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவத்தைப் பாதியாக்கிவிடும். முதல் விதத்திலும் ஒரு நட்டம் இருக்கிறது: எண்ணிக்கை காப்பாற்றப்பட்டாலும் அந்த இருவர் யாரென்று தீர்மானிப்பது வாக்காளர் இல்லை, கட்சிச் செயலாளர். உள்ளூராட்சி சபைகளில் பட்டியல் ஆசனத்தை ஆளுக்கொரு வருடம் என்று பங்கு போட்டதை எல்லோரும் பார்த்தோம்.

கழித்து நிரப்பும் முறையில் உறுப்பினர் தொகையும் வீங்கும். உள்ளூராட்சியில் பங்குக்கு மேல் வட்டாரங்களை வென்ற கட்சி அவற்றை வைத்துக்கொள்ளும், மற்றவர்களுக்காக ஆசனம் கூட்டப்படும். முன்பு நாட்டில் 4,486 ஆக இருந்த உள்ளூராட்சி உறுப்பினர் தொகை 2018 இல் எட்டாயிரத்தைத் தாண்டியதற்குச் சட்டத்திலேயே கூட்டப்பட்ட தொகை பெரிய காரணம், இந்த வீக்கம் இன்னொன்று. சம்பளமும் கொடுப்பனவும் வாகனமும் யார் கணக்கில் என்று சொல்லத் தேவையில்லை.

இரட்டை அங்கத்தவர் தொகுதி

கலப்பு முறைக்குத்தான் போக வேண்டுமென்றால் கிழக்குக்கு ஏற்ற மருந்து ஒன்று நம்மூரிலேயே இருந்தது. 1977 வரை பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. 1977 இல் செ. இராஜதுரையும் பரீத் மீராலெப்பையும் சேர்ந்தே அங்கிருந்து போனார்கள். பொத்துவிலும் அந்த ஆண்டு இரட்டைத் தொகுதிதான். ஒரு ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சிக்கும் மற்றது தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் போயின. இரண்டு சமூகம் பின்னிப் பிணைந்து வாழும் இடத்தைக் கோடு கீறிப் பிரிக்காமல், இருவரையும் அனுப்பவிடும் ஏற்பாடு அது. இன்றும் உள்ளூராட்சியில் இரட்டை அங்கத்தவர் வட்டாரங்கள் இருக்கின்றன. கல்முனை, அக்கரைப்பற்று, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கங்களில் மாகாண சபைத் தொகுதிகளும் அப்படி அமைந்தால் பாதிச் சண்டை குறையும். 2012 குடிசன மதிப்பீட்டை வைத்துக் கீறிய பழைய கோடுகளை அப்படியே தூசு தட்டி எடுக்கவும் கூடாது. 2024 டிசம்பரை வைத்துப் புதிய கணக்கெடுப்பு நடந்திருக்கிறது, அதன்மேல்தான் கீற வேண்டும்.

காலம்: எது எவ்வளவு பிடிக்கும்?

கலப்பு முறையின் படிகளை எண்ணுங்கள். புதிய குழு நியமனம், மக்களிடம் கருத்துக் கேட்டல், வரைதல், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு, அது தவறினால் பிரதமர் தலைமை மீளாய்வு, பிறகு ஜனாதிபதியின் பிரகடனம், அதற்குப் பிறகே வேட்புமனு. முதற்குழுவுக்கு மாத்திரம் நாலு மாதம் பிடித்தது, அடுத்த படியில் வருடக்கணக்கில் நின்றது. ஒரு படி வழுக்கினாலும் முழுவதும் நிற்கும், ஏனென்றால் பின்னால் பிடித்துக்கொள்ள பழைய சட்டம் இல்லை.

பழைய முறைக்குத் திரும்ப ஒரு சிறு திருத்தச் சட்டமூலம் போதும். வர்த்தமானியில் வெளியிட்டு, முதலாம் வாசிப்பு வைத்து, யாராவது உச்ச நீதிமன்றம் போனால் மனுவிலிருந்து மூன்று வாரத்துக்குள் தீர்மானம் வரவேண்டும், பிறகு விவாதமும் வாக்கெடுப்பும். 2024 நவம்பர் தேர்தலில் ஆளும் தரப்புக்குக் கிடைத்தது 225 இல் 159. சாதாரணப் பெரும்பான்மை கேட்டாலும் மூன்றில் இரண்டு கேட்டாலும் எண்ணிக்கை இருக்கிறது. தேர்தல் ஆணைக்குழுவுக்கும் இந்த முறை பழக்கமானது. 2012 இல் ஜூன் கடைசியில் சபையைக் கலைத்து, செப்டெம்பர் 8 இல் வாக்கெடுத்து முடித்தார்கள். ஏறத்தாழப் பத்து வாரம்.

ஒன்பது மாகாணத்துக்கும் ஒரே நாளா, துண்டு துண்டாகவா என்ற கேள்விக்கு நீளமாக எழுதத் தேவையில்லை. 2012 இல் மூன்று, 2013 இல் மூன்று, 2014 இல் மீதி என்று நடத்தியபோது, அரசின் முழுப் பலமும் ஒவ்வொரு மாகாணத்திலும் வந்து இறங்கியது. ஒரே நாள்தான் நல்லது.

பெண்களின் இடம்

பழைய முறைக்கு எதிரான மிக வலுவான வாதம் இது. உள்ளூராட்சியில் 25 வீத ஒதுக்கீடு வந்த பிறகுதான் நம் பிரதேச சபைகளில் பெண்களைக் கூட்டமாகப் பார்க்கிறோம். பட்டியல் பகுதி இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. விருப்பு வாக்கு முறையில் வேட்புமனுவில் பெண் பெயரை எழுதச் செய்யலாம், வெல்லச் செய்ய முடியாது. மட்டக்களப்பில் 14 பேரில் நாலு பெண்களை நிறுத்திவிட்டு, கட்சி தன் வாகனத்தையும் காசையும் மற்றப் பத்துப் பேருக்கு விடலாம். ஆகவே வேட்புமனு ஒதுக்கீடு கட்டாயம், ஆனால் அது போதாது. அந்தப் போனஸ் இரண்டு ஆசனங்களையும் பெண்களுக்கென்று ஆக்கி, முதலாவது கட்சிக்குக் கொடுக்காமல் கூடுதல் வாக்கு எடுத்த இரண்டு கட்சிகளுக்கு ஒன்று வீதம் கொடுத்தால், இரண்டு பழுதுகள் ஒரே இடத்தில் திருத்தப்படும். மாகாணத்தில் 37 இல் 2 மிகச் சிறியதுதான், ஆனாலும் இல்லாததைவிட மேல்.

ஆகவே எந்த வழி?

சட்டமூலம் வர்த்தமானியில் வந்ததும் நாலு வரிகளைத் தேடுங்கள். முதலாவது, பழைய முறை 'அடுத்த தேர்தலுக்கு மாத்திரம்' என்ற வரி. அது இல்லாவிட்டால் எல்லை வேலை இன்னொரு பத்து வருடம் தூங்கும். இரண்டாவது, எல்லை நிர்ணயத்துக்குத் திகதி. புதிய சபை கூடிய நாளிலிருந்து எண்ணி, தவறினால் என்ன முறையில் தேர்தல் நடக்கும் என்பதும் அதே பிரிவில் இருக்க வேண்டும். 2017 இல் விட்ட பிழை இதுதான்: புதிய கதவு திறக்க முன் பழைய கதவைப் பூட்டினார்கள். மூன்றாவது, இரட்டை அங்கத்தவர் தொகுதிக்கு வெளிப்படையான இடம், பட்டியலை மொத்தப் பங்கிலிருந்து கழித்து நிரப்பும் விதி. நாலாவது, வேட்புமனுவில் பெண்களுக்கான பங்கும் போனஸ் ஆசனத்தின் மாற்றமும். முதல் இரண்டு வரிகளும் இல்லாத சட்டமூலத்துக்கு ஆதரவு கேட்டு வரும் பாராளுமன்ற உறுப்பினரிடம், அவை ஏன் இல்லை என்று கேளுங்கள்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடிய வேலையும் உண்டு. கிராம சேவகரிடம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாகப் பதினெட்டு வயதானவர்களுடையதும் மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்களுடையதும். விருப்பு வாக்குச் சீட்டு திரும்பி வந்தால், முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி. கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் நிராகரிக்கப்படும். நாலு இலக்கத்துக்குப் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போய்விடும். ஜனாதிபதித் தேர்தலில் போடும் 1, 2, 3 இங்கே வேண்டாம்.